ஊதாப் பையின் எழுத்து

கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா. பாப்பா ஜன்னலோரம் இருக்கட்டும், நான் நடுவுல இருந்துக்கிறேன். சுபி, கைய உள்ள எடு தாயி. எதுக்க வர்ற லாரிக்காரன் உரசிட்டுப் போயிருவான்.

கேட்டீகளா அந்தக் கண்டக்டர் சொன்னத? 'ஓசி டிக்கெட்டெல்லாம் பின்னால போங்க'ங்கான். தினம் பாக்குற மூஞ்சிதான் அவன். அரசாங்கம் பொம்பளைகளுக்குன்னு குடுத்திருக்கு, நாம போறோம். இவன் அப்பன் வீட்டுச் சொத்தையா கேட்டோம்? குடுக்கிறதக் குடுத்துட்டு, நாலு பேருக்கு முன்னால ஒரு பேரையும் வச்சுக் கூப்பிட்டா மனசு என்ன பாடுபடும்னு ஒரு யோசனை வேண்டாமா மனுசனுக்கு? எனக்கு அது பொறுக்கவே பொறுக்காதுக்கா. நான் அப்படி ஒரு பொறப்பு.

நீங்க எங்க, கோவில்பட்டிதானா? நாங்களும் அங்கதான். பாப்பாவுக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல சீட்டுக் கேட்டிருக்கோம். அடுத்த வருசத்துக்கு இப்பவே ஆள் எடுக்காகளாம். இன்னைக்கு இவள வரச் சொல்லி, ஏதோ கேள்வி கேப்பாகளாம். நாலாவது படிக்கா. பேரு சுபிக்ஷா. நான் முனீஸ்வரி. வெள்ளூரணிப்பட்டியில டைலர் முனீஸுன்னு கேட்டா யாரும் வீட்டக் காட்டுவாக. இப்ப ஒரு வருசமா தலைவர் முனீஸுன்னும் சொல்றாக. எங்க ஊரு தொடக்கப்பள்ளியில பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கு, பிள்ளைகளப் பெத்தவக எல்லாம் சேந்தது. அதுக்கு நான்தான் தலைவர்.

பள்ளிக்கூடத்துக்கே தலைவர், அப்புறம் எதுக்குப் பிள்ளைய வேற பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறன்னு கேக்குறீக. கேக்கத்தான் செய்வீக. அவமானம் தாங்கலக்கா. அம்புட்டுத்தான். தெருவுல இறங்கி நடக்க முடியல. தண்ணி புடிக்கப் போனா, நாலு பேர் பேசிட்டு இருந்தா, என்னையத்தான் பேசுறாகளோன்னு இருக்கு. குடத்தப் பாதியில தூக்கிட்டு வந்துருதேன். எல்லாம் எங்க பெரிய டீச்சர் பண்ணுன வேலை.

அவுக பேரு ஜெசிந்தா. தலைமையாசிரியை. கெட்டவுகன்னு சொல்ல மாட்டேன். நேரத்துக்கு வருவாக, பிள்ளைகள அடிக்க மாட்டாக. ஆனா ஒரு மாதிரி அழுத்தக்காரி. சத்தமே போடாம, தான் நெனச்சதச் சொல்லிட்டு இருப்பாக. நம்ம கத்துறது நமக்கே கேக்கும்.

போன ஆவணியில எங்க பள்ளிக்கூடத்துக்குத் தனியா ஒரு நிதி வந்துச்சு. எப்பவும் வர்ற வெள்ளையடிக்கிற காசு இல்ல. எங்க ஊர்ல பாதிச் சனம் தீப்பெட்டி ஆபீசு, மீதிச் சனம் பட்டாசு ஆபீசு. விடியுமுன்ன வேன்ல ஏறுனா இருட்டுனப்புறம் எறங்குவாக. பிள்ளைய எங்க உக்கார வச்சுப் பாக்க? அதுக வாசிக்கத் தெரியாமலே ஒவ்வொரு வகுப்பா ஏறிப் போயிருதுக. அந்த மாதிரிப் பிள்ளைகளத் தூக்கிவிடணும்னு அரசாங்கம் ஒதுக்குன நிதி அது.

பெரிய டீச்சர் கூட்டம் போட்டாக. என்ன செய்யலாம்னு பேசுனோம். காலேஜ் முடிச்சுட்டு வீட்ல சும்மா இருந்த ராமலெட்சுமிப் பிள்ளைய வச்சு சாயங்கால வகுப்பு எடுக்கிறதுன்னு முடிவாச்சு. வயித்துப் பசியோட எழுத்து எங்க ஏறும்னு டீச்சர் சொன்னாக, அதனால தினம் சுண்டல், இல்லாட்டி கடலை மிட்டாய். எழுத்து அட்டை, படம் போட்ட கதைப் புத்தகம். ஒரு பிள்ளைக்குக் கண்ணே சரியாத் தெரியலன்னு அப்பத்தான் கண்டுபுடிச்சாக, அதுக்கு ஒரு கண்ணாடி. எல்லாம் நல்ல யோசனைதான், நானும் கைதட்டுனேன். கடைசியா, அட்டையும் புத்தகமும் வீட்டுக்குக் கொண்டு போயிட்டு வர ஒரு பை வேணும்னாக.

பைன்ன உடனே நான் எந்திரிச்சேன். துணி மட்டும் வாங்கிக் குடுங்க டீச்சர், தையக்கூலி வேண்டாம், என் கையால தச்சுத் தாரேன்னேன். பொம்பளைக எல்லாம் என்னையத் திரும்பிப் பாத்தாக. ஊதாக் கலர் துணி, நல்ல கெட்டித் துணி. தோள்ல மாட்டுற மாதிரி நீளமா வார் வச்சு, உள்ள பென்சில் போட ஒரு சேப்பு, மேல ஒரு மூடி. கடையில இருக்கிற பை தோத்துரும்க்கா.

அந்த மூடியில வெள்ளை நூலால எழுதிப் போடணும்னும் நான்தான் சொன்னேன். ஏன்னு கேளுங்க. எழுத்து இல்லாம வந்த இலவசச் சாமான் எதுவும் எங்க ஊர்ல பிள்ளை கையில நின்னது கெடையாது. போன தடவை வந்த பை எல்லாம் சந்தையில வெங்காயம் அள்ளப் போயிருச்சு. அதுவும் போக, குடுத்தவுக பேரு வேண்டாமா? கோயில்ல ஒரு டியூப்லைட்டு மாட்டுனா, வெளிச்சமே வராத அளவுக்கு 'உபயம்'னு குடும்பத்துப் பேரெல்லாம் எழுதுறோம். அரசாங்கம் இம்புட்டுச் செய்யுது, எழுதாம விட்டா நல்லாவா இருக்கு? 

பெரிய டீச்சர் வேண்டாம்னாக. 'பை பையா இருக்கட்டும் முனீஸ்வரி'ன்னாக. நான் விடல. நாளப்பின்ன ஆபீசர் வந்து, யாருக்குச் செஞ்சீக, காட்டுங்கன்னா என்னத்தக் காட்டுவீகன்னு கேட்டேன். கூட்டத்துல எல்லாரும் நான் சொன்னதுதான் சரின்னாக. என்ன எழுதுறதுன்னு நானா ஒண்ணும் இட்டுக்கட்டல. நிதி வந்த தாள்ல என்ன வார்த்தை இருந்துச்சோ அதத்தான் எடுத்தேன். 'கற்றலில் பின்தங்கிய மாணவர்.' வளைவு சுழிவெல்லாம் அச்சு மாதிரி வந்திருந்துச்சு. அந்தக் 'கி'க்கு மேல போட்ட கொக்கிய எங்க வீட்டுக்காரவுகளயே கூப்பிட்டுக் காட்டுனேன்.

பிள்ளைகளத் தேர்ந்தெடுக்கிற அன்னைக்குத் தலைவருங்கிற முறையில நானும் பக்கத்துல உக்காந்திருந்தேன். ஒவ்வொரு பிள்ளையா கூப்பிட்டு, அதுக பாக்காத ஒரு புத்தகத்தக் குடுத்து வாசிக்கச் சொன்னாக டீச்சர். பாவம்க்கா. சண்முகத்தாய் மக கார்த்தீஸ்வரி வந்து நின்னா. புத்தகத்தப் பாக்குறா, தரையப் பாக்குறா, கால் கட்டை விரலால தரையச் சொரண்டுறா. எனக்கே கூச்சமாப் போச்சு. பெத்தவ என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கான்னு மனசுக்குள்ள திட்டுனேன். சண்முகத்தாய் பட்டாசு ஆபீசுக்குப் போறவதான், இல்லைங்கல. ஆனா சாயங்காலம் வந்து ஒரு வரி வாசிடின்னு கேக்க எம்புட்டு நேரம் ஆகும்? எம்மகள நான் அப்படி விட்டது கெடையாது. எழுத்து முத்து முத்தா இருக்கும். பாட்ட எடுத்தா மூச்சு விடாம ஒப்பிப்பா.

பை குடுக்கிற அன்னைக்கு வரிசையா நிப்பாட்டிப் போட்டோ எடுத்தோம். எழுத்து தெரியிற மாதிரி நெஞ்சுக்கு நேராப் பிடிங்கன்னு நான் போய் ஒவ்வொரு பிள்ளை கையையும் சரி பண்ணுனேன். அதுகளுக்கு அம்புட்டுச் சந்தோசம். புதுத் துணி வாசத்த மோந்து பாத்துக்கிட்டு, சேப்புக்குள்ள கைய விட்டுக்கிட்டு. கார்த்தீஸ்வரி அந்த எழுத்த விரலால தடவித் தடவிப் பாத்துட்டு, 'பூ மாதிரி இருக்கு அத்தே'ன்னா. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் பெரிய டீச்சர் எங்க வீட்டுக்கு வந்தாக. அதுவரைக்கும் வந்தது கெடையாது. நான் பாலக் காய வச்சுட்டு, காப்பி போடுறேன் உக்காருங்கன்னேன். அவுக உக்காரல.

'இன்னும் ஒரு பை தைக்கணும் முனீஸ்வரி.'

'துணி இருக்கு டீச்சர். எந்தப் பிள்ளைக்கு?'

'நம்ம சுபிக்ஷாவுக்கு.'

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியுது. எறக்கணும்னு தோணலக்கா எனக்கு. டீச்சர்தான் எட்டி அடுப்ப அணைச்சாக. கூட்டத்துல வச்சுச் சொல்ல வேண்டாம்னுதான் தனியா வந்தேன்னாக. அன்னைக்கு என் முன்னால வேண்டாம்னு விட்டுட்டு, அப்புறம் இவளத் தனியா உக்கார வச்சு வாசிக்கச் சொன்னாகளாம். புதுப் பாடத்தத் தொறந்து வச்சா, இவ அதுல விரல வச்சுக்கிட்டு, போன வருசத்துப் பாடத்த ஒப்பிச்சாளாம். வேற பக்கத்தத் திருப்புனாலும் அதே பாடத்த ஒப்பிச்சாளாம். எழுத்தப் பாத்து வரையத் தெரியுது, வாசிக்கத் தெரியலன்னாக. நான் இவளப் பாத்தேன். கதவு மறைவுல நின்னுக்கிட்டு இருக்கா. எனக்கு வந்த வெக்கத்துக்கு, பூமி பொளந்தா உள்ள போயிருப்பேன். தலைவர் மக. பை தச்சவ மக.

சரி, வகுப்புக்கு அனுப்புறேன், பை மட்டும் வேண்டாம் டீச்சர்னு கெஞ்சுனேன். அவுக என்ன சொன்னாக தெரியுமா? 'சரி முனீஸ்வரி. ஒம்பிள்ளைக்கு அந்த எழுத்து வேண்டாம்னா எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். எல்லாப் பையிலயும் பிரிச்சுரு.' எப்படி மடக்குறாக பாருங்க. எப்படிப் பிரிக்க? போட்டோ கல்வி ஆபீசுக்குப் போயிருச்சு. இப்பப் பிரிச்சா, தம் மகளுக்குன்ன உடனே பிரிச்சுட்டான்னு ஊரு பேசாதா? நான் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவ. இவளுக்கும் அதே துணியில, அதே எழுத்தோட தச்சேன். ஒரு எழுத்துக் கொறைக்கல.

என்ன, தெருவுல கொண்டு போகையில மட்டும் அத ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப் பைக்குள்ள போட்டுக் குடுத்தேன். வெயில்ல துணி வெளுத்துரும்ல. யாராச்சும் கேட்டா, எம்மக அங்க லீடரா போறா, ராமலெட்சுமிக்கு ஒத்தாசைக்குன்னேன். பிள்ளை மனசு நோகக் கூடாதேன்னுதான்.

இவளும் ஒரு நாள் தவறாமப் போனா. அங்க என்னமோ புதுசா ஒரு பழக்கம் சொல்லிக் குடுத்திருக்காக. ஒவ்வொரு எழுத்துக்கும் தொடையில ஒரு தட்டு. வீட்டுக்கு வந்து சோத்துக்கு முன்னால உக்காந்துக்கிட்டு, உப்புப் பாக்கெட்டப் பாத்துத் தட்டுவா. சோப்புக் கட்டியப் பாத்துத் தட்டுவா. வாய்க்குள்ள ஒரு முணுமுணுப்பு. பாக்க ஒரு மாதிரியா இருக்கு, யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாக, நிறுத்துடின்னு அதட்டுவேன். நிறுத்திருவா. சொன்னாக் கேக்குற பிள்ளை.

தீபாவளி முடிஞ்சுச்சு. அதுக்கப்புறந்தான் இந்தக் கூத்து. மொதல்ல கார்த்தீஸ்வரி பையக் கொண்டு வர்றத நிறுத்துனா. அட்டையையும் புத்தகத்தையும் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வாரா. அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு. நாள் போகப் போக ஒவ்வொரு பிள்ளையா பைய வீட்ல போட்டுட்டு வருது. எனக்கு எப்படி இருக்கும்? கூலி வாங்காம, கண்ணு நோக, ராவெல்லாம் தச்ச பை. சண்முகத்தாய் வீட்டுக்கே போயிட்டேன் கேக்க. அவ அப்பத்தான் வேலை முடிஞ்சு வந்து கை கழுவிட்டு இருக்கா.

'எனக்கும் தெரியல மதினி. தொட மாட்டேங்கா. ஆனா பிள்ளை இப்ப பஸ்ஸு போர்டு, கடை போர்டு எல்லாம் வாசிக்கா. மகராசியா இருப்பீக'ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டா. 

நான் கேட்டது பையப் பத்தி, இவ சொல்றது போர்டப் பத்தி. நன்றி கெட்ட சனம்னு நெனச்சுக்கிட்டே வந்தேன்.

பெரிய டீச்சர்ட்ட போய்ச் சொன்னா, அவுக அதுக்கு மேல. 'பை வேண்டாங்கிற பிள்ளைக எல்லாம் வாசிக்கப் பழகிருச்சுக முனீஸ்வரி. நீ அதக் கவனிச்சியா?'ங்காக. வாசிக்கத் தெரிஞ்சா பை கனக்குமா என்ன? ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? அவுக மறுபடியும், 'அந்த எழுத்தப் பிரிச்சுரு முனீஸ்வரி'ன்னாக. அந்த எழுத்து என்ன டீச்சர் பண்ணுச்சு ஒங்களன்னு கேட்டேன். அரசாங்கச் சாமான்னா எழுத்து இருக்கத்தான் செய்யும். அத யாரு உக்காந்து வாசிச்சுக்கிட்டு இருக்கான்னு கேட்டேன். 'புதுசா வாசிக்கப் பழகுனதுக கண்ணுல படுற எல்லாத்தையும் வாசிக்கும்மா'ன்னாக. நான் காதுல வாங்கிக்கல. அவுகளுக்கு ஆரம்பத்துல இருந்தே என் பை மேல ஒரு இது.

ஒண்ணு சொல்லணும்க்கா. கடைசி வரைக்கும் பைய விடாம வச்சிருந்தது எம்மகதான். மத்த பிள்ளைக பூராவும் விட்ட பெறகும், இவ ஒருத்தி மட்டும் மூடிய நல்லா மாட்டித் தோள்ல போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாளாம். ராமலெட்சுமியே சொன்னா. பாருங்க, வளப்புன்னா அதுல்ல வளப்புன்னு நான் அத நாலு இடத்துல பெருமையாச் சொன்னேன்.

அப்புறம் பொங்கல் வந்துச்சு. டைலருக்குப் பொங்கல்னா தெரியும்ல, ரவிக்கை குமிஞ்சு கெடக்கு. நான் மிசின்ல உக்காந்திருக்கேன். இவ வந்து பக்கத்துல நின்னா. ரொம்ப நேரம் நிக்கா. அப்புறம் மெதுவா, 'பின்தங்கியன்னா என்னம்மா?'ன்னா.

மிசின நிறுத்திட்டேன். எவ சொன்னா ஒன்னையன்னு கேட்டேன். யாரும் சொல்லலம்மாங்கா. கார்த்தீஸ்வரி சொன்னாளா? இல்லைங்கா. டீச்சர் சொன்னாகளா? இல்லைங்கா. யாரும் சொல்லாம ஒனக்கு எப்படிடி அந்த வார்த்தை தெரியும்னு கேக்குறேன். கண்ணு மட்டும் தெரண்டு வருது. எவளோ எம்பிள்ளைய முகத்துக்கு நேரா வச்சுச் சொல்லிட்டான்னு எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. அது மத்த பிள்ளைகளச் சொல்றது, ஒன்னைய இல்ல, போய்ப் படுன்னேன்.

காலையில எந்திரிச்சா மிசினுக்கு அடியில வெள்ளை நூலாக் கெடக்கு. பூரா பிஞ்சு பிஞ்சு. என் பிளேடால அந்தப் பையில இருந்த எழுத்த ஒண்ணுவிடாமப் பிரிச்சு வச்சிருக்கா. விரல்ல வெட்டு வேற. துணி கிழியல, அந்த மட்டுக்கும் பொறுமையாத்தான் பிரிச்சிருக்கா. ஆனா நூல எடுத்தா மட்டும் எழுத்து போயிருமா? ஊசி எறங்குன ஓட்டை இருக்குமில்ல. வெளிச்சத்துல பிடிச்சா அத்தனை எழுத்தும் ஓட்டை ஓட்டையா அப்படியே தெரியுது. எனக்கு வந்த கோவத்துல துணி அளக்குற கோல எடுத்து அடிச்சுட்டேன். அழல. பைய மட்டும் பின்னால ஒளிச்சு வச்சுக்கிட்டா.

அவள இழுத்துக்கிட்டு நேராப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிரேயர் நடக்குது. நடுவுல போய் நின்னு கத்துனேன். எவ எம்மகளப் பின்தங்கியவன்னு சொன்னது, இப்ப வெளிய வாங்கன்னு. பிள்ளைக எல்லாம் முழிக்குதுக. பெரிய டீச்சர் வந்து என் கையப் புடிச்சாக.

'யாரும் சொல்லல முனீஸ்வரி. அவள ஒரு வரி வாசிக்கச் சொல்லி நீயே கேளு. ஒரே ஒரு வரி.'

எப்படி இருக்கு பாருங்க. பள்ளிக்கூடம் பூராவும் பாத்துட்டு நிக்கையில, எம்பிள்ளைய நடுவுல நிப்பாட்டி வாசிக்கச் சொல்லி, அவ முழிக்கிறத நான் வேடிக்கை பாக்கணுமாம். கைய உதறிட்டு, வேற பள்ளிக்கூடம் பாத்துக்கிறேன், டி.சி.யக் குடுங்கன்னேன். சீட்டு கெடைச்சதும் வா, தாரேன், அதுவரைக்கும் சாயங்கால வகுப்ப மட்டும் நிறுத்திராதன்னாக. மறுநாள்ல இருந்து நிறுத்திட்டேன். அவுகளா நானா பாத்துருவோம்.

எங்க வீட்டுக்காரவுக லோடு ஆட்டோ ஓட்டுறாக, பொழுதுக்கும் ரோட்லதான். 'பிள்ளை என்ன சொல்லுது'ன்னு ஒரு வார்த்தை கேட்டாக. பிள்ளைட்ட என்னத்தக் கேக்க, அவமானப்பட்ட பிள்ளை எதச் சொல்லும்னேன். 

இந்தப் பள்ளிக்கூடத்துல நம்மள யாருக்கும் தெரியாது பாருங்க. இங்கிலீஷ்ல ஒரு பாட்டுச் சொல்லிக் குடுத்திருக்கேன், நல்லா ஒப்பிக்கா. வாசிக்கச் சொன்னா மட்டும், தொண்டை கட்டிருக்கு மிஸ்ஸுன்னு கையக் காட்டச் சொல்லிருக்கேன். அதுக்காகத்தான் காலையில இருந்து பேசாம வரச் சொன்னேன், கொரல் அடங்கி இருக்கட்டும்னு. இந்தப் பை பாத்தீகளா, புதுசு. ஒரு எழுத்துக் கெடையாது. தேடித் தேடி வாங்குனேன்.

என்னக்கா, அங்கேயே பாக்குறீக? என்ன பண்றா? சுபி, திரும்பவும் ஆரம்பிச்சுட்டியா அந்தத் தட்ட. பஸ்ஸுல வச்சு என்ன பழக்கம் இது. தொடையில இருந்து கைய எடு.

இருங்க, ஏன் என் கையப் புடிக்கிறீக? 

என்ன சொல்றா?

'க... ர... ம்.' ஆமா, என்னமோ சொல்றா. 'கரம்.' ஜன்னலுக்கு மேல எழுதிப் போட்டிருக்கிறதப் பாத்தா சொல்றா? 'சி... ர... ம். சிரம்.' யக்கா, இது பாடத்துல கெடையாதே. இத நான் சொல்லிக் குடுக்கலையே. 'புற... ம். நீ... ட்... டா...' இவ இதுக்கு முன்னால இந்தச் சீட்டுல உக்காந்ததே இல்லக்கா. இத எப்படி மனப்பாடம் பண்ண முடியும்? 'நீட்டாதீர்.' முடிச்சுட்டா. நீங்களும் கேட்டீகல்ல? எழுத்துக் கூட்டி முழுசா முடிச்சுட்டா.

தாயி. ஏ தாயி. எப்ப இருந்து?

என்ன?

யக்கா, இவ என்ன கேக்கான்னு பாத்தீகளா. 'கரம்னா என்னம்மா'ங்கா.

அன்னைக்கும் இப்படித்தானக்கா கேட்டா. மிசினுக்குப் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு, இதே மாதிரி, இதே கொரல்ல. பின்தங்கியன்னா என்னம்மான்னு. யாரும் சொல்லலம்மா, யாரும் சொல்லலம்மான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாளே. யாரும் சொல்லலக்கா. அவளா வாசிச்சிருக்கா. எம்மக மொத மொதல்ல எழுத்துக் கூட்டி வாசிச்சது நான் தச்ச தையலத்தான். அதுக்குத்தான் அடிச்சேன் நான்.

அப்ப கார்த்தீஸ்வரி? பூ மாதிரி இருக்கு அத்தேன்னு தடவிப் பாத்தாளே அந்தப் பிள்ளை. அவளும் ஒரு நாள் இப்படித்தான் தொடையில தட்டித் தட்டி அத வாசிச்சிருப்பா. எல்லாப் பிள்ளையுந்தான். ஒவ்வொண்ணா வாசிச்சு, வாசிச்சு, பைய வீட்ல போட்டுட்டு வந்திருக்குதுக. அதுகளப் போயி நான் நன்றி கெட்டதுகன்னேன். சண்முகத்தாய் என் கையப் புடிச்சு மகராசின்னா. என் முகரைய எங்க கொண்டு போய் வைப்பேன் நான்.

கரம்னா கை தாயி. இந்தா, இதுதான். 

அடுத்தது சிரம். சிரம்னா தலை. இல்லம்மா, அம்மா அழல. கண்ணுல தூசி. நீ வாசி. அங்க எழுதியிருக்கு பாரு இன்னொண்ணு, அத வாசி. சத்தமா வாசி, தொண்டையெல்லாம் ஒண்ணும் கட்டல.

கோவில்பட்டி வந்துருச்சா? நீங்க எறங்குங்கக்கா. நாங்க எறங்கல. இதே பஸ்ஸு திரும்பி எங்க ஊருக்குத்தான் போகும். இப்பப் போனா சாயங்கால வகுப்புக்கு இவளக் கொண்டு போய் விட்டுரலாம். பெரிய டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாக. சொன்னாலும் கேட்டுக்கணும். அப்புறம் ஒவ்வொரு வீடாப் போய் அந்தப் பை எல்லாத்தையும் வாங்கிட்டு வரணும். எந்த வாயால கேப்பேன்னு தெரியல. கேட்டு வாங்கிப் பிரிச்சுரலாம்தான். ஆனா ஊசி எறங்குன ஓட்டை அப்படியே இருக்குமேக்கா. இவதான் இப்ப எதக் கண்டாலும் வாசிக்காளே.